ஒரு சுண்டுப் பருப்பும் ஒரு குடும்பத்தின் பசியும்



உம்மா சுகவீனமுற்று இரண்டு நாட்கள் படுக்கையில் இருந்தால் உங்கள் வீட்டு அடுப்பு எரியுமா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டாரும் தமக்குள்ளே கேட்டுப் பார்த்தல் வேண்டும். பல வீடுகளில் இதற்குக் கிடைக்கும் விடை, கடைக்கு ஆள் அனுப்புவதுதான். கொத்துரொட்டிப் பொட்டலம் வருகிறது. பிள்ளைகள் உண்டு முடிக்கிறார்கள். காய்ச்சலில் கிடக்கும் தாய்க்கோ அது வாய்க்கும் ஆகாது, வயிற்றுக்கும் ஆகாது. வளர்ந்த பிள்ளைகள் இருவர் மூவர் வீட்டில் இருந்தும், அவளுக்குச் சூடாக ஒரு கோப்பை சூப் காய்ச்சிக் கொடுக்க எவருக்கும் தெரிவதில்லை.

இது சிறிய குறைபாடு அன்று. உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தி, பல்கலைக்கழகத்திற்கோ வெளிநாட்டுத் தொழிலுக்கோ செல்லும் இளைஞன் ஒருவன், தன் பசியைத் தானே ஆற்றிக்கொள்ள இயலாதவனாக வீட்டை விட்டுப் புறப்படுகிறான் என்பதே இதன் பொருள். ஆகவே, எவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய, செலவு குறைந்த, வயிறு நிறைக்கும் உணவொன்றைப் பற்றி இன்று விளக்க விரும்புகின்றோம். அதுவே பருப்பு சூப்.

பருப்பின் பழமை

நம் நாட்டில் மைசூர்ப் பருப்பு என வழங்கும் செந்நிறப் பருப்பு, அரபு மொழியில் 'அதஸ்' எனப்படும். தோல் நீக்கி இரண்டாக உடைக்கப்பட்ட நிலையிலேயே அது பெரும்பாலும் நம் கடைகளுக்கு வருகின்றது. குளிர்ச்சியான பருவத்தில் விளையும் பயிராதலால் இலங்கையில் இது பெருமளவில் பயிராவதில்லை. கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்தே நமக்கு இறக்குமதியாகின்றது. மனிதன் முதன்முதலில் பயிரிட்டு வளர்த்த தானியங்கள், பருப்புகளுள் இதுவும் ஒன்று. இன்றைய சிரியா, துருக்கி, ஈராக் ஆகியவை அமைந்துள்ள மேற்காசிய நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இது பயிரிடப்பட்டது. அரபு மொழியில் 'அதஸா' என்னும் சொல் கண்ணாடி வில்லையையும் குறிக்கும். முழுப் பருப்பின் வடிவமும் வில்லையின் வடிவமும் ஒத்திருப்பதே இதற்குக் காரணம்.

அல்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 61ஆம் வசனத்தில் பருப்பு பெயர் குறிப்பிடப்பட்டுள்ளது. ஒரே வகை உணவில் பொறுமை கொள்ளாத பனூ இஸ்ராயீலர், மூஸா (அலை) அவர்களிடம் கேட்ட விளைபொருட்களின் வரிசையில் பருப்பும் வெங்காயமும் வருகின்றன. அவ்வரிசையில் உள்ள மற்றொரு சொல்லுக்கு வெள்ளைப்பூடு என்றும் கோதுமை என்றும் விரிவுரையாளர்கள் இருவகையாகப் பொருள் கூறியுள்ளனர். அங்கு கண்டிக்கப்பட்டது கிடைத்த அருட்கொடையை மதியாத மனநிலையே. பருப்பு உண்பது குற்றமென எவரும் கொள்ளலாகாது.

அதேபோன்று, எழுபது நபிமார்கள் பருப்பைப் புகழ்ந்தனர் என்றொரு செய்தி மக்களிடையே உலவுகின்றது. அது இட்டுக்கட்டப்பட்டது என ஹதீஸ்கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். ஆதாரமற்ற சிறப்பைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவை பருப்புக்கு இல்லை. அதன் உண்மையான பயனே போதுமானது.

நம் வீட்டுக்கு வந்த வழி

எகிப்து, பலஸ்தீன், சிரியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் 'ஷூர்பத் அதஸ்' என்னும் பருப்பு சூப், ரமழான் மாத இஃப்தார் விரிப்பில் அடிக்கடி இடம்பெறுவதாகும். துருக்கியரும் இதனைத் தம் அன்றாட உணவாகக் கொண்டுள்ளனர். மொரோக்கோ நாட்டவர் நோன்பு திறக்கும் 'ஹரீரா' என்னும் சூப்பிலும் பருப்பும் கொண்டைக்கடலையும் சேர்கின்றன. நம் நாட்டில் அந்த இடத்தை நோன்புக் கஞ்சி வகிக்கின்றது. எனினும், மத்திய கிழக்கு நாடுகளில் பணிபுரிந்து திரும்பிய நம் தாய்மாரும் சகோதரர்களும் ஷூர்பாவின் பக்குவத்தையும் கூடவே கொண்டுவந்துள்ளனர். பருப்புக் கறி சமைக்காத வீடு நம் நாட்டில் அரிது. அதே பருப்பைச் சற்று வேறு விதமாகக் காய்ச்சினால், கறியாக இல்லாமல் அதுவே ஒரு வேளை உணவாகிவிடும்.

தேவையான பொருட்கள்

ஐந்து பேருக்கு அளவு பின்வருமாறு:

மைசூர்ப் பருப்பு 1 சுண்டு (ஏறத்தாழ 250 கிராம்)
அரிசி 2 மேசைக்கரண்டி
பெரிய வெங்காயம் 3
கரட் 1
தக்காளி 1
வெள்ளைப்பூடு 5 பல்
இஞ்சி ஒரு சிறு துண்டு
சின்னச் சீரகத் தூள் 1½ தேக்கரண்டி
மஞ்சள் தூள் ½ தேக்கரண்டி
மிளகுத் தூள் ½ தேக்கரண்டி
உப்பு 1½ தேக்கரண்டி
எண்ணெய் 3 மேசைக்கரண்டி
தண்ணீர் 1¾ லீற்றர்
தேசிக்காய் 1
கறிவேப்பிலை, மல்லியிலை சிறிதளவு

செய்முறை

முதலில் பருப்பையும் அரிசியையும் ஒரு தட்டில் பரப்பிக் கல், தூசி நீக்க வேண்டும். பின்னர் மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். கடைசித் தண்ணீர் ஓரளவு தெளிவாக வரவேண்டும். உடைத்த பருப்பை ஊறவைப்பது கட்டாயமில்லை. எனினும் அரை மணி நேரம் ஊறினால் வேகும் நேரம் குறையும், எரிவாயுவும் மிச்சமாகும்.

அடி கனமான பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, சிறிதாக நறுக்கிய இரண்டு வெங்காயங்களை மிதமான தீயில் ஏழெட்டு நிமிடங்கள் வதக்குங்கள். அவசரப்படலாகாது. வெங்காயம் பொன்னிறமாகும்போதுதான் அதன் இனிப்பு வெளிவருகின்றது. சூப்பின் சுவைக்கு அடித்தளம் இதுவே. அதன்பின் நசுக்கிய வெள்ளைப்பூடு, இஞ்சி, சீரகத் தூள், மஞ்சள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நிமிடம் மட்டும் கிளறுங்கள். அதற்கு மேல் வதக்கினால் தூள் கருகிக் கசக்கும்.

இனி நறுக்கிய கரட், பருப்பு, அரிசி ஆகியவற்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் மேலே வெண்ணுரை திரளும். அது பருப்பிலுள்ள புரதம் முதலான பொருட்களால் உண்டாவது, தீங்கற்றது. எனினும் பொங்கி வழியாதிருக்க அதனை அகப்பையால் வழித்து நீக்கிவிடலாம். பின்னர் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றே திறந்தவாறு வைத்து, 20 முதல் 25 நிமிடங்கள் வேகவிட வேண்டும். பருப்பு அடிப்பிடிக்கும் இயல்புடையது. ஆகவே ஐந்து நிமிடத்திற்கொரு முறை அடிவரை கிளறுவது அவசியம்.

பருப்பு உருக்குலைந்து கரைந்த பின்னரே தக்காளியும் உப்பும் மிளகும் சேர்க்க வேண்டும். மேலும் பத்து நிமிடங்கள் கொதித்ததும் இறக்கி, மத்தால் கடையுங்கள். மத்து இல்லையேல் அகப்பையின் பின்புறத்தால் மசித்தாலும் போதும். மின் அரைப்பானில் அரைக்க விரும்புவோர் சூப்பை நன்கு ஆறவிட்டே அரைத்தல் வேண்டும். கொதிக்கும் திரவத்தை மூடிய அரைப்பானில் ஓடவிட்டால் ஆவி மூடியைத் தள்ளி, முகத்திலும் கையிலும் தெறித்துச் சுட்டுவிடும்.

இறுதியாக, மீதமுள்ள எண்ணெயில் மூன்றாவது வெங்காயத்தை நீள வாக்கில் நறுக்கி, கறிவேப்பிலையுடன் மொறுமொறுப்பாகப் பொரித்துச் சூப்பின் மேல் ஊற்றுங்கள். மல்லியிலை தூவுங்கள். தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னர், உண்ணும் கோப்பையிலேயே பிழிய வேண்டும். அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

அழுத்தச் சமையற்பாத்திரம் வைத்திருப்போர், அதன் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. பருப்பின் நுரை ஆவி வெளியேறும் துளையை அடைத்துவிடக்கூடும்.

பருப்பு வேகாமல் போவது ஏன்?

இதனை எழுதுபவரும் ஒரு காலத்தில் விடுதி அறையில் தங்கிப் படித்தவரே. முதன்முறை பருப்பு சூப் காய்ச்சிய இரவில், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் வேலை எளிதாகும் என எண்ணி, தக்காளியையும் புளியையும் தொடக்கத்திலேயே பருப்புடன் கலந்து அடுப்பில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழிந்தது. தண்ணீர் வற்றியது; பருப்போ விதை விதையாகவே நின்றது. அறை நண்பர்கள் மூவரும் பாணை வெறுமனே கடித்துவிட்டு உறங்கச் சென்றனர். பழுது பருப்பில்தான் என்று கடைக்காரர் மேல் பழிபோட்டேன். காரணம் விளங்கியது பல காலம் கழித்துத்தான்.

பருப்பின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும் பசைப்பொருள் வெந்நீரில் கரைந்தால்தான் பருப்பு மசியும். புளிப்பு அப்பொருளைக் கரையவிடாது தடுக்கின்றது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் அவ்வாறே அதனை இறுக்குகின்றது. யாழ்ப்பாணம், புத்தளம், மன்னார் போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களின் கிணற்று நீரில் பருப்பு வேகத் தாமதமாவது இதனாலேயே. அத்தகைய ஊர்களில் வசிப்போர் மழைநீரையோ, கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளித்தெடுத்த நீரையோ பயன்படுத்தினால் வித்தியாசத்தைக் காணலாம். மூன்றாவது காரணம் பருப்பின் வயது. நீண்ட காலம் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த பருப்பு கடினமாகிவிடுகின்றது. ஆகவே மூட்டையாக வாங்கி வைப்பதைவிட, மாதத்திற்குத் தேவையானதை வாங்கிக் காற்றுப் புகாத டின்னில் வைப்பதே சிறந்தது.

உடலுக்கு என்ன கிடைக்கின்றது?

உலர்ந்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதமும், 11 கிராம் நார்ச்சத்தும், 7 மில்லிகிராம் இரும்புச் சத்தும் உள்ளன. மேற்கூறிய அளவில் காய்ச்சினால் ஒருவருக்கு ஏறத்தாழ 12 கிராம் புரதம் கிடைக்கும். இது இரண்டு கோழி முட்டைகளில் உள்ள புரதத்திற்கு நிகரானது. பருப்பில் குறைவாக உள்ள புரதக்கூறு ஒன்று அரிசியில் உண்டு. அரிசியில் குறைவானது பருப்பில் உண்டு. இரண்டு கரண்டி அரிசி சேர்ப்பதால் சூப் கெட்டியாவதுடன் இந்நிறைவும் உண்டாகின்றது. பாணுடனோ ரொட்டியுடனோ உண்டாலும் இதே பயன் கிடைக்கும்.

பெற்றோர்களே! வளரும் பெண்பிள்ளைகளை உடைய வீடுகள் இவ்விடத்தில் சற்றுக் கவனிக்க வேண்டும். பருவமடைந்த பெண்களுக்கு இரும்புச் சத்துக் குறைவு எளிதில் ஏற்படுகின்றது. களைப்பு, படிப்பில் கவனமின்மை, படியேறும்போது மூச்சுவாங்குதல் முதலியவற்றைச் சோம்பல் என்று கடிந்துகொள்கிறோம். அது இரத்தச் சோகையாகவும் இருக்கலாம். பருப்பில் இரும்புச் சத்து உண்டெனினும் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் முழுமையாக உறிஞ்சுவதில்லை. உயிர்ச்சத்து 'சி' அவ்வுறிஞ்சலைக் கூட்டுகின்றது; தேனீரிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் அதனைக் குறைக்கின்றன. தேசிக்காயைக் கோப்பையில் பிழியச் சொன்னது இதற்காகவே. கொதிக்கும் பாத்திரத்தில் பிழிந்தால் அவ்வுயிர்ச்சத்து வெப்பத்தில் குறைந்துபோகும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ அருந்தும் நம் நாட்டு வழக்கத்தையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். உணவுக்கும் தேனீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது கழியட்டும். எனினும், சோகை உண்டென ஐயம் எழுந்தால் சூப்பை மட்டும் நம்பியிராது இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரின் ஆலோசனை பெறுவதே முறையாகும்.

ஆறு மாதம் பூர்த்தியான குழந்தைக்கு, உப்பும் மிளகும் சேர்க்குமுன் எடுத்து நன்கு மசித்துக் கொடுக்கலாம். சிறுநீரக நோயாளர்களுக்குப் பருப்பின் அளவு கட்டுப்படுத்தப்பட வேண்டியிருக்கும். அவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும். பருப்பு வயிற்றில் வாயுவை உண்டாக்குகின்றது என்போர் சிறிய கோப்பையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் உடல் பழகிக்கொள்ளும்.

மேலும் வயிறு நிறைய

வீட்டில் உள்ளதைக் கொண்டே சூப்பை மேலும் கனமாக்கலாம். இறக்குவதற்கு ஐந்து நிமிடங்களுக்கு முன் ஒரு கைப்பிடி முருங்கையிலையோ பசளியோ சேர்க்கலாம். உருளைக்கிழங்கு, பூசணித் துண்டுகள் கரட்டுடன் சேர்ந்து வேகலாம். தேங்காய்ப் பால் விரும்புவோர் கடைசியில் அரைக் கோப்பை ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். கடுமையாகக் கொதித்தால் பால் திரிந்துவிடும்.

மிஞ்சியதை வீசலாகாது. இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாட்கள் வரை பயன்படுத்தலாம். ஆறியதும் சூப் கூழ் போல இறுகிவிடும்; அது கெட்டதற்கு அடையாளம் அன்று. சிறிது வெந்நீர் சேர்த்து நன்கு கொதிக்கவைத்தால் பழைய பதம் வந்துவிடும். இரவில் காய்ச்சியதை ஸஹர் வேளையில் சூடாக்கி உண்பது நோன்பாளிக்கு உகந்தது. நார்ச்சத்து செரிமானத்தை மெதுவாக்குவதால் பசி தாமதமாக எழும். உப்பை மட்டும் அவ்வேளையில் குறைத்துக்கொள்வது, பகலில் தாகத்தைத் தணிக்க உதவும்.

அகப்பை யார் கையில்?

2022ஆம் ஆண்டு நம் நாடு கண்ட நெருக்கடியை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. எரிவாயு வரிசையில் இரவைக் கழித்த குடும்பங்கள் பல. அந்நாட்களில் இறைச்சியும் மீனும் எட்டாமற்போன வீடுகளில், ஒரு சுண்டுப் பருப்பை எவ்வாறு ஐந்து பேருக்குப் பங்கிடுவது என்று அறிந்திருந்த தாய்மாரே பிள்ளைகளைப் பசியின்றி உறங்கவைத்தனர். அந்த அறிவு அவர்களோடு நின்றுவிடலாகாது.

இளைஞர்களே! சமையல் பெண்களுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணத்திற்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. குழம்பு காய்ச்சும்போது நீரைக் கூட்டி அயலாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. அவ்வறிவுரைக்குப் பருப்பு சூப்பைப் போன்று பொருத்தமான உணவு வேறு எளிதில் கிடைக்காது. இரண்டு கோப்பைத் தண்ணீர் கூடினாலும் அதன் சுவை பெரிதும் கெடுவதில்லை. இதில் இறைச்சி சேராததால், போயா தினத்தில் மாமிசம் தவிர்க்கும் பௌத்த அயலவருக்கும், வெள்ளிக்கிழமையில் மரக்கறி மட்டும் உண்ணும் இந்து அயலவருக்கும் தயக்கமின்றிக் கொடுத்தனுப்பலாம்.

பெற்றோர்களே! வரும் விடுமுறை நாளில் அகப்பையை மகனிடமோ மகளிடமோ கொடுத்துவிட்டு நீங்கள் அருகில் அமர்ந்திருங்கள். வெங்காயம் சற்றுக் கருகினாலும் உப்புக் கூடினாலும் கடிந்துகொள்ள வேண்டாம். உப்புக் கூடியதை இன்னுமொரு கோப்பை நீரால் சரிசெய்யலாம் என்பதையும் அன்றே சொல்லிக்கொடுங்கள். முதற்கோப்பை உம்மாவுக்கும் வாப்பாவுக்கும், அடுத்த கோப்பை பக்கத்து வீட்டுக்கும் செல்லட்டும். மீதியைப் பிஸ்மில்லாஹ் கூறி எல்லோரும் ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ணுங்கள்.

நம் வீடுகளின் உணவில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!